நானாவின் குதிக்கால்

என் கிற்றாரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சவர்க்கார விளம்பரத்தில், தேயிலை விளம்பரத்தில், கலியாண வீடுகளில் ஓயாமல் போகும் சிங்களப் பாட்டுகளில், மாதா கோயில் இறுவட்டுகளில். பாடுகிறவரின் பெயர் உறையில் இருக்கும், பின்னால் கிற்றார் வாசிக்கிறவரின் பெயர் இராது. அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. முதல் தடவையிலேயே பிழை விடாமல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் என்றுதான் கொழும்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் என்னைக் கூப்பிடுவார்கள். தாளம் பிசகாதவன் என்று பெயர். அந்தப் பெயரால் வந்த தலைக்கனமும் உண்டு. கூட வாசிக்கிறவர் பிசகினால் என் வாய் சும்மா இராது, அந்த இடத்திலேயே ஏசிவிடுவேன்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணக் கரையிலிருந்து கிற்றாரை மாச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கியவர்கள் நாங்கள். சண்டை முடிந்து பாதை திறந்ததும் சொந்தக்காரர் பலர் திரும்பிப் போனார்கள். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை இருந்ததால் நாங்கள் நின்றுவிட்டோம். நின்றது நல்லதாய்ப் போயிற்று. ஆலங்குடாக் கடற்கரையில் புதிதாக எழும்பிய ஹோட்டல் ஒன்றில், ஐம்பது கடந்த பிறகு, என்னை ஜாஸ் வாசிக்கச் சொன்னார்கள். கொழும்பில் வேலையில்லாத மத்தியானங்களில் பழைய கசெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகிய சங்கீதம் அது. கேட்க ஆளில்லாததால் அத்தனை வருடமும் எனக்குள்ளேயே கிடந்தது. இப்போது, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடிக் களைத்த வெள்ளைக்காரர்கள், மாலை ஐந்து மணிக்கு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குக் கிடைத்த கொடை என்று அதைத்தான் சொல்வேன்.

நாங்கள் மூன்று பேர். பேஸ் கிற்றார் வாசிப்பவர் சிலாபத்துச் சிங்களவர், கொழும்பு ஒலிப்பதிவுகளிலும் என்னோடு வருகிறவர். ட்ரம்ஸ் அடிப்பவர் பக்கத்து ஊரான எத்தாளையைச் சேர்ந்த முஸ்லிம். காலையில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மாலையில் மேளத்துக்கு வருவார். மத்திய கிழக்கில் ஹோட்டல் வேலை செய்தபோது அங்கே வாசித்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் பழகிய கை. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை நானா என்பேன். இரண்டுக்கும் கருத்து ஒன்றுதான். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை.

ஜாஸில் மேளக்காரர் தாளத்தைக் காட்டுவது மேளத்தில் அல்ல. மேளங்களுக்கு மேலே ஒரு தண்டில் பித்தளைத் தட்டு ஒன்று நிற்கும். அதில் குச்சியின் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் இருந்தால் கிற்றார்காரன் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயும் போய்விட்டு வரலாம், இல்லாவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். நானாவின் தட்டு அரிசி புடைக்கிற சத்தம்போல ஒரே சீராக இருக்கும். முதல் ஒன்றரை வருடம் அதில் சாய்ந்துகொண்டுதான் நான் வாசித்தேன்.

பிறகு நானாவின் கை கெட்டுப்போனது. அப்படித்தான் நான் நினைத்தேன். தட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மேளத்தில் தொம் தொம் என்று அடிக்கத் தொடங்கினார். பெரிய மேளத்தைக் காலால் மிதி மிதியென்று மிதித்தார். மற்றக் காலின் குதியையும் மேளங்கள் நிற்கிற பலகையில் இடித்தார். பொழுது சாய்கிற நேரத்தில், மெல்லிய பாட்டுக்கு, கல்லுடைக்கிற மாதிரி. நான் ஏசினேன். சரி அண்ணே என்றார். அடுத்த நாளும் அதே அடி. இன்னும் ஏசினேன். ஒருநாள் பேஸ்காரருக்கு முன்னால், வெங்காயப் பாத்திக்கு மண்வெட்டி போடுகிற கையால் மேளத்தைத் தொட வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அவர் குச்சிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று போனார்.

அதே காலத்தில் வீட்டிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று மனைவி கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்தில் கிடந்த கைத்தொலைபேசி அடித்து ஓய்ந்திருக்கும். காற்றுக் காலம், ஒன்றும் கேட்காது என்று நான் காற்றில் பழியைப் போட்டேன். காற்று ஓய்ந்ததும் தொலைபேசியில் போட்டேன். என் அம்ப்ளிஃபையரும் மந்தமாகிவிட்டதென்று அதில் கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற குமிழை முழுதாகத் திருகி வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது கொஞ்சம் இறங்கியிருக்கும். உப்புக் காற்றில் குமிழ் தளர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன். காது என்று ஒன்று எனக்கு இருப்பதே அப்போது ஞாபகம் வரவில்லை.

கடைசியில் முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அந்த மனிதரோடு இனி என்னால் ஏலாது, அவர் அல்லது நான். முகாமையாளர் தயங்கினார். நான் விடவில்லை. நீர்கொழும்பிலிருந்து வேறு மேளக்காரரை அடுத்த மாதம் எடுப்பதாக முடிவாயிற்று. நானாவுக்கு நானே சொல்கிறேன் என்று பொறுப்பும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை எனக்கு மட்டும் கொழும்பில் ஒலிப்பதிவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று வைத்தேன்.

சனிக்கிழமை கொழும்பு பஸ் முந்தல் சந்திக்கு வந்தபோது, பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது, வர வேண்டாம் என்று செய்தி வந்தது. இறங்கி, ஒரு பாண் துண்டும் தேத்தண்ணியும் முடித்துவிட்டுத் திரும்பி பஸ் பிடித்தேன். அன்றைக்கு என் இடத்தில் பேஸ்காரரின் மச்சான் வாசிப்பதாக ஏற்பாடு. பொடியன் எப்படித்தான் வாசிக்கிறான் பார்ப்போம் என்று, கிற்றாரும் கையுமாக நேரே ஹோட்டலுக்குப் போனேன். மணி ஆறு இருக்கும். காயப் போட்டிருந்த பட்டங்களுக்குப் பின்னால், தென்னைக்குக் கீழே நின்று பார்த்தேன்.

நானாவின் வலது கை தட்டின்மேல் இருந்தது. பழைய நானா. மணிக்கட்டு மட்டும் அசைய, குச்சி நுனி தட்டில் பட்டுப் பட்டு எழும்பியது. பெரிய மேளத்தில் கால் சும்மா கிடந்தது. அந்த இளம் கிற்றார்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டில் சாய்ந்து வாசித்தார்.

எனக்குத் தட்டுச் சத்தம் கேட்கவில்லை.

தூரம் என்று நினைத்துக் கிட்டப் போனேன். கிற்றார் கேட்டது, பேஸ் கேட்டது. தட்டு இல்லை. அன்றைக்குக் காற்றும் இல்லை. மேசைகளைத் தாண்டி, மேடைக்கு இரண்டு எட்டுத் தூரம்வரை கிட்டப் போயும், குச்சி அசைவது தெரிந்ததே தவிர வேறொன்றுமில்லை. குக்கர், தொலைபேசி, அம்ப்ளிஃபையர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

அப்போது நானா தலையை நிமிர்த்தி என்னைக் கண்டார். கண்டதும் அவருடைய கை தட்டை விட்டு இறங்கியது. பக்கத்து மேளத்தில் தொம் என்று விழுந்தது. கால் மிதித்தது, குதி பலகையில் இடித்தது. வேறொருவருடைய பாட்டின் நடுவில், நான் கிற்றாரைத் தொடக்கூட இல்லை, எனக்காக அடிக்கத் தொடங்கிவிட்டார். இளைஞர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நானாவும் ஒரு கணம் கழித்துத்தான் தான் செய்ததை உணர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு தட்டுக்குத் திரும்பினார். நான் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டெல்லாம் முடிந்து அவர் மேளங்களுக்குச் சீலை போட்டு மூடும்வரை காத்திருந்தேன்.

"எவ்வளவு காலமாத் தெரியும், நானா?" என்று கேட்டேன்.

"ஒண்டர வருஷம் இருக்கும்."

"எப்பிடி?"

"ஒருநா நான் தட்டுல ரெண்டு தரம் பிழையா அடிச்சிட்டன் அண்ணே. நீங்க ஏசல்ல. அப்பதான் வெளங்கிச்சி."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நான் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று பேஸ்காரரும் அவருமாகப் பயந்தார்களாம். விருந்தாளிகளின் காது கூசாதபடி, அம்ப்ளிஃபையரின் குமிழை நான் தேத்தண்ணிக்குப் போகும் நேரம் பார்த்துக் குறைத்து வைத்தது பேஸ்காரர்தான். கொழும்பு ஒலிப்பதிவுகளிலும், ஹெட்ஃபோனில் என் காதுக்கு வரும் தாளத்தைக் கனத்த சத்தமாக மாற்றிவைக்கச் சொல்லி ஒலிப்பதிவாளரிடம் அவர் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். தாளம் பிசகாதவன் என்ற என் பெயரை இவர்கள் இரண்டு பேரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஏசியிருக்கிறேன்.

"நான் இவ்வளவு ஏசினனே?"

"ஏச்சக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். ஏசுற ஆளில்லாம வாசிக்க ஏலா அண்ணே."

அதற்குமேல் மறைக்க முடியாமல், முகாமையாளரிடம் போனதைச் சொன்னேன். நீர்கொழும்பு ஆளைப் பற்றியும் சொன்னேன். நானா கடலைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மறக்க மாட்டேன்.

"அது கொஞ்சம் கூடிப்போச்சி," என்றார்.

ஓம் என்றேன். எழும்பி முகாமையாளரின் அறைக்குப் போனேன். நீர்கொழும்பு ஆள் வேண்டாம், பழுது மேளத்தில் இல்லை, என் காதில் என்றேன். சொல்லும்போது என் வேலையையும் நானே எடுத்து அவருடைய மேசையில் வைப்பது தெரிந்தது. அவர் கணக்கைப் பார்த்துவிட்டு, இருக்கிற விருந்தாளிகள் யாராவது குறை சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் நாளைக்கும் ஐந்து மணிக்கு வாருங்கள் என்றார். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவில்லை. அடுத்த கிழமையே என்னைப் புத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது டாக்குத்தர், கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, மற்றவை இருக்கின்றன என்றார். எப்போதாவது கிட்டத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டதுண்டா என்று விசாரித்தார். எதைச் சொல்வது என்று மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். காதில் வைக்கும் சின்ன மெசின் தந்தார்கள். அதை வைத்தால் குக்கர் கேட்கிறது, அணில் கேட்கிறது, மனைவி குசினிக்குள் எனக்கு முணுமுணுப்பதும் கேட்கிறது. நானாவின் தட்டு மட்டும் தகரத்தில் ஆணி விழுகிற மாதிரி கேட்டதால், வாசிக்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

என் கதிரையை மேளத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது பாதத்தை மேளங்கள் நிற்கிற பலகையில் வைத்துக்கொள்வேன். நானா வலது கையைத் தட்டுக்குக் கொடுத்தார், அது விருந்தாளிகளுக்கு. குதிக்கால் எனக்கு. அவர் குதியை ஊன்றும்போது பலகை வழியாக என் பாதத்துக்குத் தாளம் வரும். அப்படித்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன்.

தொடக்கத்தில் இரண்டு கிழமை நான் நானாவோடு மிக மரியாதையாக இருந்தேன். பிசகினாலும் பேசவில்லை, முடிந்ததும் நல்லாயிருந்தது நானா என்று மட்டும் சொன்னேன். நன்றியில் நெஞ்சு நிறைந்திருந்தது, ஏச எப்படி வாய் வரும்? நானாவோ நாளுக்கு நாள் வாடிப்போனார். பாட்டுக்கிடையில் என் பாதத்தைப் பார்ப்பதும், பேஸ்காரரைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குக் காரணம் விளங்கவில்லை.

ஒரு மாலை, மெல்லிய பாட்டு ஒன்று. நடுப்பாட்டில் குதிக்கால் அரைத் தாளம் பிந்தி விழுந்தது. விட்டேன். திரும்பவும் பிந்தி விழுந்தது. மூன்றாம் தரம் விழுந்தபோது எனக்குப் பழைய கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாசிப்பை நிறுத்தாமலே திரும்பினேன்.

"நானா, உங்கட குதிக்காலுக்கு என்ன வாதமே?" என்று கத்தினேன். முன்வரிசை வெள்ளைக்காரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

நானா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் நின்ற பேஸ்காரரைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அல்ஹம்துலில்லாஹ், அண்ணனுக்குக் கால்ல வெளங்குது," என்றார். அடுத்த குதி சரியான இடத்தில் விழுந்தது.