தண்ணீரை ருசி பார்த்தவர்

பிரசவம் முடிந்து மனைவியும் குழந்தையும் மறுநாள் வீட்டுக்கு வரவிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து கீசர் உள்ளே கல் உருள்வதுபோல் சத்தம் போட்டது. அரை மணி நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. தண்டையார்பேட்டை முனையில் இருக்கும் எலெக்ட்ரிக் கடையில் சொன்னேன். மெக்கானிக் ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

கீசரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“கெணத்துத் தண்ணியா சார்?”

“ஆமாங்க. நாளைக்குக் கைக்குழந்தை வீட்டுக்கு வருது. புதுசா வாங்கிடட்டுமா?”

“இன்னாத்துக்கு? பொட்டி நல்லா கீது. காயில்ல உப்பு கட்டிகினு கீது, அவ்ளோதான்.”

கழற்றிக் காட்டினார். தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கம்பிச்சுருள் சுண்ணாம்பு அப்பியதுபோல வெளுத்துப் பருத்திருந்தது. சுரண்டிக் கழுவி மாட்டினார். வெந்நீர் ஆவி பறக்க வந்தது. அப்போதும் அவர் கிளம்பவில்லை.

“மொட்ட மாடி மழத்தண்ணி எங்க போவுது?”

“தெருவுக்குத்தான்.”

“அத்த மணல்ல வடிகட்டி கெணத்துல வுடு சார். கொயந்தைக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள தண்ணி தேறிடும்.”

அந்த வாரமே மாடியிலிருந்து குழாய் இறக்கினேன். ஒரு மழைக்காலம் போயிற்று. மகளுக்கு இப்போது நான்கு பல். தினமும் குளிப்பதற்கு முன் நானும் விரலை நனைத்து நாக்கில் வைக்கிறேன். உப்பு குறைந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஆசைப்படுகிறவனின் நாக்கை எப்படி நம்புவது? அவர் வந்து சொல்ல வேண்டும். அவரைக் கூப்பிடத்தான் வழியில்லை. கீசர் கெட்டுப்போக மாட்டேன் என்கிறது.