மேய்க்காலில் நின்றுபோன சாலை

2024 ஜூலை 10, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் வாங்கி, இரண்டு பேருக்குச் சமைத்தேன். எனக்கும், மாடியில் குடியிருந்த தென்காசிப் பெண்ணுக்கும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். மாடியின் மற்ற அறைகள் எல்லாம் காலி.

மாடு மேயும் மேய்க்கால் புறம்போக்கின் குறுக்கே சாலை வரும், கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வரும் என்று நம்பித்தான் என் கணவர் அந்த அறைகளைக் கட்டினார். சாலை வரும் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடியில் எங்கள் தெருக்காரர்கள் அந்த நிலத்தில் கூழ் காய்ச்சுவது வழக்கம். சாலைக்கு அளவுக்கல் நட்டதும், நிலம் தங்களுடையது என்று காட்டுவதற்காக அடுப்பைக் கல்லுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். காலனிக்காரர்கள் எதிரில் இன்னொரு அடுப்பு வைத்தார்கள். அடிதடி, வழக்கு, தடையாணை. ஜல்லி கொட்டியதோடு சாலை நின்றது. பஸ் இன்றும் மெயின்ரோட்டில்தான் நிற்கிறது. ஷிப்ட் முடிந்து இருட்டில் நடக்கப் பயந்து மாடியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள்.

அன்று ஊராட்சி அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். "ரோடு வரும்னா சொல்லுங்கக்கா, இருந்துக்கிடுதேன். இல்லன்னா ஹாஸ்டலுக்குப் போயிருவேன்" என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள்.

காலனிப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "உங்க பசங்களும் எங்க பசங்களும் பஸ்ல ஒருத்தன் தோள்ல ஒருத்தன் தூங்கிகினுதான் வரானுங்க. ரோட்டுக்கு மட்டும் இன்னா தீட்டு?"

எங்கள் பக்கம் ஒருவர் கத்தினார். "பஸ்ஸு கம்பெனியோடது. நெலம் எங்க சாமியோடது."

"ரெண்டு பேருதும் இல்லைங்க. அரசாங்கப் புறம்போக்கு" என்றார் தாசில்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்பும் சேர்ந்து அவரோடு சண்டைக்குப் போயின.

நான் எழுந்து, "அடுப்பை ரெண்டு பேருமே கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமே. பஸ் வந்தாத்தான் என் மாடியில ஆளு தங்கும்" என்றேன்.

என் கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார். "இன்னா அண்ணி, உங்க வாடகைக்காக சாமிய நகரச் சொல்றீங்களா?"

கூட்டம் சிரித்தது, காலனிப் பக்கமும். மாடியில் யாரோ நடக்கும் சத்தம் எனக்கு வேண்டும் என்பதை அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கூட்டம் கலைந்தது.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாய் துரத்தினாக்கூட ஓடிருவேன். பைக்ல பின்னாலயே வாரானுவ பாருங்க, அவனுவளுக்குத்தான் பயம்."

"போய்ட்டு வாம்மா. லீவுன்னா வா."

"வாரேன்க்கா."

அவள் தோழி ஸ்கூட்டியில் வந்திருந்தாள். பை, வாளி, தலையணை, எல்லாம் ஒரே நடையில் போயிற்று. சாயங்காலம் சோறு மிஞ்சியது. தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மாடிப்படி ஏறி, அறைகளுக்குத் தண்ணீர் போகும் வால்வை அடைத்தேன்.