எங்கள் நங்கூரம் குருத்வாராவுக்குப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை நான் காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் குருத்வாராவுக்குப் போனது பக்தியால் அல்ல. எங்கள் படகின் நங்கூரம் அங்கே இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்கப் போனேன். அதைவிட்டால் எங்களிடம் மிச்சம் இருந்த ஒரே நங்கூரம் போன வாரம் கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. நைனா கயிற்றை அறுத்துவிட்டு வந்தார். நங்கூரம் இல்லாமல் படகு கிளம்பாது. "காலேஜ் படிச்சவ நீதானே, நீ போய்க் கேளு" என்று அம்மா சொல்லிவிட்டாள். மூன்று வருடம் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்காதவள் நான். அது வீட்டில் தெரியாது.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து காலை 9.40-க்கு ஆட்டோ. போக வர நானூறு ரூபாய். தூரம் பதினாறு கிலோமீட்டர் என்று போன் காட்டியது. மணலில் இறங்கித் தள்ளியதை அது கணக்கில் சேர்க்கவில்லை.

"சிங்கு கோயிலுக்கா? இன்னா பாப்பா, வேண்டுதலா?" என்றார் ஆட்டோ அண்ணன்.

"ஒரு பொருள் வாங்கணும்ணா."

"அங்க சோறுதான் தருவாங்கோ."

இப்போது நினைத்தால், அவர் அப்போதே எச்சரித்திருக்கிறார்.

அந்த இடத்தின் வரலாறு இதுதான். துறைமுக வேலைக்கு வந்த பஞ்சாபி வெல்டர்களும் லாரி ஓட்டுநர்களும் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். முதல் ஞாயிறன்று எல்லோருக்கும் சாப்பாடு போட நினைத்து, குப்பம் குப்பமாக வந்து "லங்கர், லங்கர்" என்று அழைத்தார்கள். குருத்வாராவில் போடும் பொதுச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். மொழிபெயர்க்க நின்றவர் நைனாவின் கூட்டாளி காதர் பாய், பம்பாயில் கப்பல் வேலை பார்த்தவர். கப்பல்காரர்களின் இந்தியில் லங்கர் என்றால் நங்கூரம்.

"நங்கூரம் வேணுமாம்பா" என்றார் பாய்.

நைனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "தகரக் கொட்டா, காத்துல தூக்கினு போய்டும். கட்டி வெக்கத்தான் கேக்குறாங்கோ." தன்னிடம் இருந்த இரண்டில் நல்லதைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்ததாம். ஆனால் திருப்பி எடுத்துவரக் கூச்சம். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

10.35-க்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது செங்கல் கட்டிடம். வாசலில் நீலப் பெயின்ட் அடித்து, சாமந்தி மாலை போட்டு, எங்கள் நங்கூரம்! துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, கால் கழுவி உள்ளே போனேன். பரிமாறிக்கொண்டிருந்தவரிடம், அதே காதர் பாய் சொல்லிக்கொடுத்த இந்தியை ஒப்பித்தேன்: "ஹமாரா லங்கர் தே தோ." எங்கள் லங்கரைக் கொடுங்கள் என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்து, என்னைத் தரையில் உட்காரவைத்து இரண்டு ரொட்டியும் பருப்பும் வைத்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது ரொட்டி வந்தது.

நைனா போன் செய்தார். "கேட்டியா?"

"கேட்டேன் நைனா. மூணு ரொட்டி குடுத்துட்டாங்க."

அதற்குள் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். லாரி ஓட்டிக் கற்ற தமிழ். நங்கூரம் எங்கள் வீட்டுடையது என்றதும் கும்பிட்டுவிட்டார்.

"தங்கச்சி, நாங்க வேலை முடிஞ்சா ஷெட்டு பிரிச்சிட்டு போலாம்னு இருந்தோம். உங்க அப்பா வாசல்ல நங்கூரம் வெச்சாரு. இங்கேயே இருங்கன்னு அர்த்தம். அப்புறம் எப்படிப் போறது? அதுக்கப்புறம்தான் இந்தச் சுவர்."

நான் வெளியே வந்து நைனாவிடம் போனில் அப்படியே சொன்னேன்.

"நீ இன்னா சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சரி. பட்டறையில சொல்லி வேற அடிச்சிக்கலாம். அதுவரைக்கும் மாமா படகுல போறேன். நீ உள்ள போயி, நைனா தெரிஞ்சேதான் குடுத்தாருன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு பதினொன்றுக்குள் போய்விடுங்கள். தலையை மூடத் துணி வேண்டும். ஆட்டோவைத் திரும்பி வரும்வரை நிறுத்திவையுங்கள், அங்கே வேறு வண்டி கிடைக்காது. ரொட்டியை இரு கையாலும் வாங்க வேண்டும். நங்கூரத்தைப் பற்றி விசாரித்தால் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.