அக்காவின் உள்ளங்கைக்காகச் செய்த வாத்தியம்

கணிப்பொறியில் இசை செய்யக் கற்றுக்கொடுப்பதும் புதிய வாத்தியங்களை வடிவமைப்பதும்தான் என் தொழில். இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று மாணவர்கள் கேட்டால், இயற்பியல் படித்தேன், வெளிநாட்டில் இடம் கிடைத்தது என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். அக்காவைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். சிவகாசியில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைக்குக் கால் ஆர்மோனியம் வாசித்தவள் அவள்தான். அதில் ஒரு கட்டை மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு எழும்பாது. அந்தச் சுரம் வரும் இடத்தில் அக்கா தன் குரலைக் கொடுத்து நிரப்பிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் ஆசிரியை. ஐம்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாத மத்தியானம், பள்ளிக்கு அடுத்த பொட்டலில் பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்தது. அக்கா பிள்ளைகளை வெளியே ஓட்டிவிட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. திரும்ப உள்ளே ஓடி, பெஞ்சுக்கடியில் ஒளிந்திருந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது இரண்டாவது வெடி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் காதுகளை அக்கா தன் இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தாள்.

எங்கள் அம்மா நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அக்காவைக் கொண்டுவந்தார்கள்.

"தாயி, அம்மா பேசுறது கேக்குதா?"

அக்கா அம்மாவின் உதடுகளையே பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கீக?"

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தாள். விரல்கள் தவறவில்லை. ஒட்டிக்கொள்ளும் கட்டையிடம் வந்ததும் பழக்கத்தில் குரல் கொடுத்தாள். சுரம் எங்கோ போய்விட்டது. சபை மொத்தமும் திரும்பியது. அந்த முகங்களைப் பார்த்தவள், பாதிப் பாட்டில் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போனாள். அதன்பின் அவள் பாடவில்லை. பள்ளி வேலையும் போயிற்று. லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் தாள் அடுக்கப் போனாள்.

நான் மதுரையில் இயற்பியல் படிக்கப் போனேன். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர், சில வால்வுகள், ஒரு தேக்குப் பலகை. இவற்றைக் கொண்டு ஆறு மாதம் உழைத்து ஒரு பெட்டி செய்தேன். குமிழைத் திருப்பினால் சுரத்துக்கேற்பப் பலகை அதிரும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கீழ்ச்சுரமும் மேல்சுரமும் வேறுவேறாகத் தெரிந்தன. கிறிஸ்துமஸ் லீவில் விருதுநகர் வழியாகப் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

சிலேட்டில் 'பாட்டு' என்று எழுதிக் காட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே கைகளைப் பலகைமேல் வைத்தாள். கீழ்ச்சுரத்திலிருந்து தொடங்கினேன். சுட்டுக்கொண்டவள்போலக் கைகளை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"நிப்பாட்டு புள்ள! நிப்பாட்டு!"

நிறுத்திவிட்டேன். அவளுக்கு மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அன்னைக்குத் தரை இப்படித்தான் அதிர்ந்துச்சு," என்றாள். "அதைப் போயி பெட்டியில அடைச்சுக் கொண்டாந்திருக்கியே."

ஆறு மாதத்தில் ஒருதடவைகூட நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள்தான் எழுதிக் கேட்டேன்: 'உனக்கு என்ன வேணும்?'

"பாட்டெல்லாம் இன்னும் மனசுல இருக்கு. கொஞ்சங்கொஞ்சமாப் போயிருமோன்னு பயமா இருக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடு."

மிச்ச லீவு முழுக்க அவள் ஆர்மோனியக் கட்டைகளைத் தொட்டுக் காட்ட, நான் எழுதினேன். எல்லாம் அவளே அமைத்த மெட்டுகள். இரண்டு நோட்டுகள் நிரம்பின.

படிப்பு முடிந்து அந்த நோட்டுகளோடு வெளிநாடு போனேன். அந்தப் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஓர் அறை முழுக்க நின்றது. ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாக்கி அட்டையில் துளையிட்டுத் தரவேண்டும். இரண்டு நிமிடம் ஒலிக்கும் அவளுடைய ஒரு மெட்டை முடிக்க மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் அம்மாவின் கடிதம் வந்தது. அக்காவுக்கு மஞ்சள் காமாலை, அடக்கமும் முடிந்துவிட்டது. நான் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது அக்கா போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அந்த வாரமே, கணிப்பொறி வாசித்த அந்த மெட்டின் ஒலிநாடாவும் கைக்கு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டேன். அவள் இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது ஆறுதலாக இல்லை.

பின்னாளில் எத்தனையோ வாத்தியங்கள் செய்தேன். வாசிக்கப்போகிறவரோடு பல நாள் பேசாமல் எதையும் தொடங்கியதில்லை.

அறுபதுகளின் முடிவில் ஊருக்கு வந்தபோது, ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி அம்மாவுக்கு அந்த மெட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"மெட்டு அவளுதுதான்," என்றாள். "ஆனா ஆரு வாசிக்கிறான்னு தெரியலையே தாயி."

நான் நாடாவைச் சுற்றி எடுத்து வைத்தேன். அம்மாவுக்குச் சாயங்கால ட்யூட்டி இருந்தது. முகத்தைக் கழுவி, வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள்.