குடியும் குடும்பமும்

ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக வீட்டில் காத்திருக்கும் பெண் பிள்ளைக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலைதான் உண்டு. ஒன்று தையல் பழகுவது, மற்றது மாப்பிள்ளை பேச விட்டுக்கொடுப்பது. எனக்குத் தையல் வராது. சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறிப் போய், கல்முனையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த சமூகவியல் வகுப்பில் சேர்ந்தேன். கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தால் அந்தப் பாடம்தான் என்று முடிவெடுத்திருந்தேன்.

வாப்பா வேறு முடிவு எடுத்திருந்தார். கட்டாரில் வேலை செய்யும் ஒருவரைப் பார்த்துப் பேச்சும் தொடங்கியாகிவிட்டது. நல்ல சனம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிக்காஹுக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். வாப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

"படிச்சி என்ன செய்யப்போறாய் மகள்? உனக்கெண்டு வீடும் கட்டியாச்சி" என்றார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், அதனால் பெண் பிள்ளை பிறந்தாலே வீடு கட்டும் கவலையும் கூடப் பிறந்துவிடும். பின்வளவில் நின்ற அந்தப் புது வீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பு எடுத்த சேர் கண்டிப் பக்கத்துக்காரர். ஒருநாள் வகுப்பு முடிகிற நேரம், "அடுத்த கிழமைக்கு ஒரு கட்டுரை. தலைப்பு, குடியும் குடும்பமும். புத்தகத்தைப் பார்த்து எழுத வேணாம். உங்க ஊர்ல நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுங்க" என்றார்.

எனக்கு ஒரே சந்தோசம். எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழியாக வருகிற குலம். உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. வாப்பா அதே வீட்டில் குடியிருந்தாலும் அவர் வேறு குடி. ஒரே குடிக்காரர் உடன்பிறந்தவர்கள் மாதிரி, தங்களுக்குள் கலியாணம் முடிக்கக் கூடாது. இது எல்லாம் அரைகுறையாகக் கேட்டு வளர்ந்ததுதான். இப்போது பாடமாகவே வந்துவிட்டதே!

எனக்கு மூத்தவள் ராத்தா, கலியாணம் முடித்தவள். முதலில் அவளுடைய மாமியாரிடம் போனேன். "நீங்க என்ன குடி மாமி?" என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை இங்கே எழுதமாட்டேன், ஊரில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். அது எங்கள் உம்மாவின் குடி. அப்படியென்றால் ராத்தாவும் மச்சானும் ஒரே குடி.

ஓடிவந்து உம்மாவிடம் கேட்டேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவேயில்லை. "அது அந்தக் காலத்துக் கதகா. இப்ப ஆரு குடி பாக்குற? பொடியன் நல்லமா எண்டுதான் பாக்குற" என்றார். நானும் அதை அப்படியே எழுதிக் கட்டுரையை முடித்தேன்.

சேர் ஐந்தாறு கட்டுரைகளைப் புரட்டிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "நான் கேட்டது சாராயத்தைப் பற்றி!" என்றார். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் குலத்தைப் பற்றியே எழுதியிருந்தோம். "சாராயத்தப் பத்தி ஆருட்டப் போய்க் கேக்குற சேர்? அடிச்சிக் கலைப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். வெட்கக்கேடு! வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சொல் கொடுக்க வந்தார்கள். சொல் கொடுத்தால் முடிந்தது, நிக்காஹுக்கு நாள் வைப்பார்கள், கம்பஸ் கனவுக்கு மௌத்துதான். நான் அறைக் கதவுக்குப் பின்னால் அழுதபடி நின்றேன். உம்மா தேத்தண்ணித் தட்டோடு ஹோலுக்குப் போனார். தட்டை நீட்டியபடியே மாப்பிள்ளையின் உம்மாவிடம் கேட்டார்.

"கேக்க மறந்துட்டன் மச்சி. நீங்க என்ன குடி?"

அந்தப் பெண் பெருமையாகச் சொன்னார். எங்கள் குடியேதான்.

"அல்லாஹ்வே!" உம்மா தட்டைக் கீழே வைத்தார். "நாங்களும் அதேதானே! அப்ப பொடியன் எண்ட புள்ளைக்கி கூடப் பொறந்த காக்கா முறையெல்லுவா?"

"இந்தக் காலத்துல ஆரு..." என்று வாப்பா தொடங்கினார். ஆனால் மாப்பிள்ளையின் உம்மா எழும்பிவிட்டார். "இல்ல, இல்ல, அது ஏலாது. தெரிஞ்சிக்கிட்டு எப்படிச் செய்யிற?" என்றார். வேறு குடிக்காரரான வாப்பாவுக்கு அதில் பேச இடமில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள்.

நான் அடுப்படிக்குப் போனேன். உம்மா ஒன்றுமே நடக்காதது போலக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"உம்மா, அப்ப ராத்தாவும் மச்சானும்..."

ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார். ஹோல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"அதக் கம்பஸுக்குப் போய் எழுதுகா. இஞ்ச கதைக்காத."