மனுவும் ஒரு தேயிலைச் செடியும்

தெய்வம்மா எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். 1973-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது, "இந்தக் கடல்ல எந்த எடத்துல இந்தியா ஆரம்பிக்குது?" என்று கேட்டு அதட்டல் வாங்கினாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பத்து வருடம் கழித்து, நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வரலாற்றில் எம்.ஏ. முடித்திருந்தாள்.

முந்தைய வருடம் அவள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காக விண்ணப்பித்திருந்தாள். இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பெட்டிக்கு அடியில் போட்டு மூடியிருப்பார்கள். அவள் தபாலாபீசில் வெளிநாட்டு உறை வாங்கி, ஏன் இடமில்லை என்று எழுதிக் கேட்டாள். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: "உங்கள் குடும்பம் பட்ட துன்பங்களைப் படித்து வருந்தினோம். ஆனால் நீங்கள் எதைக் கண்டறிய விரும்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை."

அந்தக் கடிதத்தை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமசிவன் மஞ்சூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததும் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் விண்ணப்பத்தை அவளிடம் காட்டத்தான். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், மண்டபம் முகாமில் ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்றவர்கள். அவன் கோயம்புத்தூரில் தாவரவியல் எம்.எஸ்சி. படித்துவிட்டு, தேயிலை ஃபேக்டரியில் தினக்கூலியாக இருந்தான். இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்ய அவன் விண்ணப்பிக்கும் உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. மறுநாள் தபாலில் போடாவிட்டால் அடுத்த வருடம் அவன் கேட்கவே முடியாது.

அவன் கொண்டுவந்த உறை தடியாக இருந்தது. தெய்வம்மா உள்ளே இருந்ததை எடுத்துப் பாயில் பரப்பினாள். பாஸ்போர்ட் நகல், முகாம் சீட்டு, குடும்ப அட்டை நகல், ஏழைக் குடும்பம் என்று கிராம அதிகாரி கொடுத்த சான்று. எல்லாவற்றிலும் ரப்பர் முத்திரை.

"ஏன் பரமு, ரேஷன் கார்டு வாங்கவா போற?"

"கேலி பண்ணாத புள்ள. ஒரு கடதாசி கொறைஞ்சாலும் திருப்பி அனுப்பிருவானுங்கன்னு சேத்து வச்சிருக்கேன்."

எதை ஆராயப் போகிறீர்கள், ஏன் என்று படிவம் கேட்டிருந்தது. அவன் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தான். தகப்பன் இறந்தது, முகாமில் காய்ச்சல் கண்டது, கடன் கிடைக்காமல் போனது, ஐயா அவர்கள் கருணை கூர வேண்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரிக்கு வரி அவள் போன வருடம் எழுதியது போலவே இருந்தது. குடியுரிமைக்கு மனு, கப்பலுக்கு மனு, வீட்டுக்கு மனு என்று எழுதி எழுதியே வளர்ந்த கை வேறு எப்படி எழுதும்?

"அம்புட்டும் மெய்தானே?" என்றான் பரமசிவன்.

"மெய்தான். ஆனா அவுங்க கேட்டது இது இல்லியே. நீ என்னத்தைத் தேடிப் போற?"

"தேயிலையில கொப்புள நோய்."

"அதுல என்ன?"

"அது வந்து… இலைக் காளான் நோய்களின் பரவல்…"

"பாடப் புஸ்தகத்தை மூடு. ஒனக்குப் புரியாதது என்ன? தூக்கத்தைக் கெடுக்கிறது எது?"

வெளியே மழை பிடித்தது.

"அம்மா ஏழாம் நம்பர் காட்டுல கொழுந்து எடுக்குது. மழைக் காலத்துல நிரை முழுக்கக் கொப்புளம். நடுவுல ஒரே ஒரு செடி மட்டும் சுத்தமா நிக்குதுன்னு சொல்லுச்சு. நான் போயிப் பாத்தேன். மூணு வருசமாப் பாக்குறேன். அதே மண்ணு, அதே தண்ணி, சுத்தி நாலு பக்கமும் நோவு. அது மட்டும் ஏன் தப்பிக்குது?"

"இதை ஏன் எழுதல?"

"அம்மா சொன்னதைப் போயி எப்புடி எழுதுறது? வெள்ளக்காரன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டுமே. அந்தச் செடிக்கு என்னதான் ஆச்சுன்னு எனக்கே இப்பத் தெரியணும் போல இருக்கு. எழுது."

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தார்கள். முதல் வரியிலேயே செடி நின்றது. மூன்று வருடமும் அவன் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தது இரண்டாம் பத்தியில் வந்தது. படிவம் கேட்காத சான்றுகளை எல்லாம் அவள் எடுத்துவிட்டாள். மெலிந்த உறையைக் கையில் வாங்கியபோது அவன் முகம் வாடிப்போனது.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

மார்ச்சில் அவன் மறுபடி மூன்று பஸ் மாறி வந்தான். கடிதத்தை நீட்டினான். இடமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அடியில் பேராசிரியர் பேனாவால் எழுதியிருந்தார்: "அந்தச் செடியிலிருந்து யாராவது கிளை வெட்டி நட்டுப் பார்த்திருக்கிறார்களா? அதற்கும் நோய் வரவில்லையா?"

"அம்மாகிட்டக் கேட்டேன். நட்டாச்சாம்! லயத்து வீட்டுக்குப் பின்னால ரெண்டு குச்சி. எனக்கே சொல்லாம நட்டிருக்கு."

"நோவு வந்துச்சா?"

"இந்த மழைக்குப் பாத்தாத்தான் தெரியும். பாத்து எழுதச் சொல்லிட்டுப் போகணும்."

தெய்வம்மா பெட்டியைத் திறந்து, அக்டோபரில் அவன் விட்டுப்போன பழைய நான்கு பக்கத்தை எடுத்தாள்.

"இதை நான் வச்சுக்கிறேன்."

"அந்தக் குப்பை எதுக்கு?"

"நம்ம ஆளுங்க எல்லாரும் ஏன் ஒரே மாதிரி மனு எழுதுறோம்? யாரு சொல்லிக் குடுத்தா? எனக்குத் தெரியணும்."

அவள் தன்னுடைய பழைய விண்ணப்பத்தை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.