புரட்டாசியில் வந்த பூனை

புலாவ் செபாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் முனியாயியைத் தெரியாதவர்கள் கிடையாது. கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்தே புரட்டாசி பிறந்தால் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். பெருமாளே என்று ஒரு மாதம் சோறும் ரசமும்தான்.

போன புரட்டாசி பிறந்த அன்றைக்கு ஒரு மஞ்சள் பூனை வந்து சேர்ந்தது. மூலை வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாவம், வீடு வீடாக ஏறி இறங்கியது. பாருங்கள், அது ஏறியதெல்லாம் விரத வீடு! இங்கே சாம்பார், அங்கே மோர்க்குழம்பு. முகர்ந்து பார்த்துவிட்டு, 'இதுவும் ஒரு வீடா' என்பதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் எதிர்வீட்டுத் தனபாலனின் லாரிக்குள் புகுந்து சீட்டைக் கிழித்து வைத்தது.

"சனிக்கிழமைக்குள்ள யாராச்சும் வச்சுக்கிட்டா சரி. இல்லன்னா தாம்பின் பசார்ல விட்டுருவேன்" என்றான் தனபாலன்.

"ஐயோ தம்பி, அங்க கார்ல அடிபட்டுச் செத்துப்போகும்லா!" என்றாள் முனியாயி.

"அப்ப நீங்க வச்சுக்குங்கக்கா."

முனியாயி தயிர்சோறு வைத்தாள். பூனை ஒரு வாய் தின்றுவிட்டு நடையைக் கட்டியது. பால் வைத்தாள். குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டாள். "பெருமாளே, விரதம் எனக்குத்தானே? அதுக்கு யாரு விரதம் வச்சது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் நாலு கெம்போங் மீன் வாங்கினாள். வழியில் பக்கத்து வீட்டு சுசீலா பையைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! நாளைக்கு முதல் சனிக்கிழமை, கையில மீனா?"

"எனக்கில்லடி. எங்க வீட்டு ஆளுக்கு."

"உங்க வீட்டுல நீங்க ஒருத்திதானே! எந்த ஆளு?"

"வரப்போற ஆளு!"

கொல்லைப்பக்கம் பழைய பிஸ்கட் டின்னில் மீனை வேகவைத்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. வாசம் கிளம்பியதுதான் தாமதம், எங்கிருந்தோ ஓடிவந்தது பூனை. இரண்டு மீனை முள்கூட விடாமல் தின்றுவிட்டு, வாசற்படியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

விடிந்ததும் தனபாலன் அட்டைப்பெட்டியோடு வந்தான். "தூக்கட்டுமாக்கா?"

"தொட்டுப் பாரு! என் வீட்டுப் பூனைலா அது!"

அவன் சிரித்துவிட்டான். "அப்ப பெட்டி அதுக்கே. படுத்துக்கட்டும்."

முனியாயி தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாமம் இட்டு, கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலைப் பூட்டியவள் திரும்பப் போய், அடுப்பங்கரை ஜன்னலை ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்துவைத்துவிட்டு வந்தாள்.